கடல்நீர்த் தொட்டியில் பாறைக்கு அடியில் சேரும் கசடு: இராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் பாறைக்கு அடியில் சேரும் பழுப்புக் கசடில்தான் வந்து நிற்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பது நமக்கு வசதி. சில வேண்டாத வேலைகளுக்கும் அதுவே வழி திறந்துவிடுகிறது. அதனால் சென்னையிலும் கோவையிலும் சொல்லும் பதிலை அப்படியே இங்கே சொல்லிவிட முடியாது. கீழே இருப்பவை 100 முதல் 400 லிட்டர் வரை கொள்ளும் வீட்டுத் தொட்டிகளையும், விடுதி, கடைத் தொட்டிகளையும் மனத்தில் வைத்து எழுதியவை.

அந்தக் கசடு உண்மையில் என்ன?

மீன் எச்சம், தின்னாமல் விட்ட தீனி, உதிர்ந்த பாசித் துணுக்கு, இறாலும் நண்டும் உரித்துப்போட்ட ஓடு, பாறையின் துளைகளிலிருந்து வெளியே வரும் பொடி, இவற்றையெல்லாம் ஒட்டவைக்கும் பாக்டீரியாப் பிசின். புதிதாக விழுந்ததுதான் வேகமாக அழுகும். அதிலுள்ள புரதம் அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டில் முடியும். கூடவே பாஸ்பேட்டும் வெளிவரும். மாதக்கணக்கில் கிடந்த பழைய கசடில் அழுகுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் தண்ணீரைக் கெடுப்பதில் அதன் பங்கு குறைவு. ஆகவே ஒரு வருடத்துக் கசடைக் கண்டு பதறுகிறவர்கள், நேற்றுப் போட்ட தீனி எங்கே போய் விழுந்தது என்பதை முதலில் பார்க்கட்டும்.

எவ்வளவு சேர்ந்தால் கவலைப்பட வேண்டும்?

கண்ணால் அளப்பதைவிட மூக்கால் அளப்பது நல்லது. கொஞ்சம் உறிஞ்சி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள கசடு பழுப்பாக, பஞ்சு பஞ்சாக மிதந்து மெதுவாகக் கீழே இறங்கும். விரலிடையில் வைத்துத் தேய்த்தால் வழுவழுவென்று கரைந்துவிடும். அதற்குள் அரிசி நொய்யைவிடச் சிறிய உயிர்கள் துள்ளிக்கொண்டிருக்கும், நூல் போன்ற புழு ஒன்று சுருண்டு விரியும். வாடை கேட்டால் கழிமுகச் சேற்று வாடை, அவ்வளவுதான். இப்படி இருந்தால் உங்கள் தொட்டி கசடைத் தானே செரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கறுப்பாக, உயிரசைவே இல்லாமல், அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தால் அது வேறு கதை. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோய் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. அதை ஒரேயடியாகக் கலக்கிவிட்டால் மீன் செத்துவிடும்.

சோதனைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு: மீன் மட்டும் உள்ள தொட்டியில் நைட்ரேட் 20 முதல் 40 பி.பி.எம். வரை இருந்தாலும் பெரும்பாலான மீன்கள் தாங்கும். மென்பவளம், கடல் சாமந்தி வைத்திருந்தால் 10க்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வாரா வாரம் தண்ணீர் மாற்றியும் எண் ஏறிக்கொண்டே போனால்தான் எங்கோ ஒரு மூலையில் கசடு அழுகுகிறது என்று தேடவேண்டும்.

சுத்தம் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

தண்ணீர் மாற்றும் நாளிலேயே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தொட்டி என்றால் 20 லிட்டர் புதுத் தண்ணீர், உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போகும்படி முன்னதாகவே தயாராக இருக்கவேண்டும். தொட்டியைக் கலக்கிவிட்டு அப்புறம் உப்பு கரைக்க ஓடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம்.

தொட்டியை மனத்தில் மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் இடது பாகம், அடுத்த வாரம் நடுப்பாகம், அதற்கடுத்த வாரம் வலது பாகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடும் ஆசைதான் இதில் பெரிய எதிரி.

கருவிகள் எளியவை. 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஒளிபுகும் குழாய், அதன் முனையை உள்ளே நுழைத்துப் பிடிக்க ஒரு முழ நீளத்தில் மெல்லிய பி.வி.சி. பைப், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 60 மில்லி சிரிஞ்ச், ஒரு வாளி. அலை எழுப்பும் மோட்டாரை நிறுத்துங்கள். பாறையின் அடி இடுக்கில் சிரிஞ்சால் ஒரே ஒரு முறை மெதுவாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் கசடு புகைபோல எழும்பும். அது பரவுவதற்குள் மறு கையில் உள்ள குழாய் முனையைப் புகைக்கு நேரே கொண்டுபோங்கள். பீய்ச்சுவது, உறிஞ்சுவது என்று மாறி மாறிச் செய்யவேண்டும். முதல் சில முறை கை பழகாது. வாளி நிறைந்ததும் வேலை முடிந்தது. அடியில் இன்னும் எவ்வளவு இருந்தாலும் அடுத்த வாரம்தான்.

பிறகு மோட்டாரைப் போட்டு, வடிகட்டிப் பையை மாட்டி, மிதக்கும் மிச்சத்தை அது பிடிக்கட்டும் என்று விடுங்கள். மறுநாள் அந்தப் பையைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும். கசடைப் பையில் பிடித்து அதைப் பையிலேயே அழுகவிடுவதற்கு, பாறைக்கு அடியிலேயே விட்டிருக்கலாம்.

கையுறை கட்டாயம். பாறை இடுக்கில் வாழும் சுணைப்புழுவின் முடி விரலில் ஏறினால் இரண்டு நாள் எரியும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மீன்தொட்டித் தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியா உள்ளே புகுந்து ஆறாத புண்ணாகக்கூடும். அப்படி ஒரு புண் வந்தால் மருத்துவரிடம் மீன்தொட்டி வைத்திருப்பதைச் சொல்ல மறக்காதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பாறைகளை எல்லாம் வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டால் ஒரே நாளில் வேலை முடியாதா?

வேலை முடியும், தொட்டியும் முடிந்துவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வாழ்வது பாறையில்தான். நன்னீர் பட்டாலும், காவிரிக் கூட்டுக் குடிநீரில் வரும் குளோரின் பட்டாலும் அவற்றில் பெரும்பகுதி செத்துவிடும். செத்தவையே அன்றிரவு அம்மோனியாவாகத் திரும்பி வரும். ஒரு பாறையை எடுத்தே தீரவேண்டும் என்றால், தொட்டியிலிருந்து இறக்கிய அதே உப்புத் தண்ணீர் வாளியில் முக்கி அலசுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாறை போதும்.

எவ்வளவு உறிஞ்சினாலும் பத்து நாளில் அதே இடத்தில் சேர்ந்துவிடுகிறது. ஏன்?

அந்த இடத்தில் நீரோட்டம் இல்லை, அதனால்தான். சுத்தம் செய்யும் முறையைவிட இந்தக் கேள்விக்குத்தான் நேரம் செலவிட வேண்டும் என்பேன். கசடு தங்காமல் போனால் எடுக்கவேண்டிய வேலையே பாதியாகக் குறைந்துவிடும்.

நம் ஊரில் பெரும்பாலான தொட்டிகளில் பாறையைப் பின்பக்கக் கண்ணாடியில் சாய்த்துச் சுவர்போல அடுக்கிவைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்க்க அழகு. பின்னால் ஒரு விரல்கூட நுழையாது. மீன் போடும் எச்சமெல்லாம் அந்த இருட்டில் போய் அடையும். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குறைந்தது 5 சென்டிமீட்டர், முடிந்தால் 8 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். குழாயும் கையும் போகவேண்டும். குகை வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வையுங்கள். ஒரு பக்கம் அடைத்த குகை குப்பைத்தொட்டிதான்.

அடிப்பாறையை மணல்மேல் வைக்காமல், தொட்டியின் அடிக்கண்ணாடியில் நிற்கும் நான்கு பி.வி.சி. துண்டுகளின்மேல் வைத்தால் கீழே தண்ணீர் ஓடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: மணல் தோண்டும் உளுவை மீனோ இறாலோ அடியைப் பறித்தாலும் பாறை சரிந்து கண்ணாடியில் விழாது.

மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப்போல 20 முதல் 40 மடங்கு தண்ணீரைச் சுழற்றவேண்டும் என்பது பவளத்தொட்டிக்காரர்களின் கணக்கு. மீன் மட்டும் இருந்தால் 10 முதல் 20 மடங்கே போதும். ஆனால் மடங்கைவிடத் திசை முக்கியம். 200 லிட்டர் தொட்டியில் ஒரே மூலையிலிருந்து அடிக்கும் பெரிய மோட்டாரைவிட, எதிரெதிரே வைத்து மாறி மாறி ஓடும் இரண்டு சிறிய மோட்டார்கள் கசடை நன்றாகக் கிளப்பும். அவற்றில் ஒன்றை, அல்லது கூடுதலாக ஒரு குட்டி மோட்டாரை, பாறைக்குப் பின்னால் தாழ வைத்து, தண்ணீர் வழியும் வாய்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். ஒதுங்கும் கசடு வடிகட்டியைத் தேடிப் போகவேண்டும்.

நீரோட்டம் எங்கே சாகிறது என்று கண்டுபிடிக்க, தூள் தீனியை ஒரு சிட்டிகை நனைத்து மேலே விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அது போய்ப் படியும் இடம்தான் கசடு சேரும் இடம். மோட்டாரை இரண்டு விரற்கடை திருப்பிவிட்டு இன்னொரு நாள் மறுபடி பாருங்கள்.

மணலில் கறுப்புக் கோடு தெரிகிறது. கிளறலாமா?

2 முதல் 4 சென்டிமீட்டர் மணல் என்றால் தண்ணீர் மாற்றும்போது சிறிது சிறிதாகக் கிளறி உறிஞ்சலாம். 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போட்டு வருடக்கணக்கில் தொடாமல் விட்ட மணல் என்றால் கை வைக்காதீர்கள். கறுப்பு கீழேயே கிடக்கட்டும். தொட்டியைக் கலைத்து இடம் மாற்றும்போது மட்டும் மீன்களை முதலில் வேறு தண்ணீருக்கு மாற்றிவிட்டு, அந்த மணலை முழுக்க எடுத்துவிட்டு, புது மணல் போடுங்கள். பழைய மணலை அப்படியே புதுத் தொட்டிக்குக் கொண்டுபோவது வேண்டாத வினை.

கடல் அட்டையைக் கொண்டுவந்து விட்டால் கசடைத் தின்றுவிடும் என்கிறார்களே?

தின்னும், உண்மைதான். ஆனால் தொட்டே பார்க்கக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் கடல் அட்டைகள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடல் குதிரைகளும் அதே ஆண்டு சேர்ந்தவை. வேதாளையிலோ மண்டபத்திலோ கடல் அட்டை பிடிபட்ட செய்தி வராத ஆண்டு உண்டா? இலங்கைக்குக் கடத்துகிறவனுக்கும் தொட்டியில் விட எடுத்துவந்தவருக்கும் வேறு வேறு சட்டம் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சிறிய தொட்டியில் அது பட்டினியில் வாடி, சாகும்போது நஞ்சைக் கக்கி மற்ற மீன்களையும் கொன்றுவிடக்கூடும்.

அதற்குப் பதில் கசடில் வேலை செய்கிறவை ஏற்கெனவே உங்கள் பாறையில் இருக்கின்றன: சுணைப்புழு, துள்ளும் சிற்றுயிர்கள், பாம்புபோல் கையை நெளிக்கும் சிறிய பாம்பு நட்சத்திரங்கள். புழுவைப் பார்த்து அருவருத்து மருந்து தேடாதீர்கள். துப்புரவு வேலையில் பெரும்பங்கை இரவில் அதுதான் செய்கிறது. மணலுக்குள் புதைந்து வாழும் சிறு நத்தைகளும் துறவி நண்டுகளும் விழுந்த தீனியைத் தின்னும், மீன் எச்சத்தை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. எந்த உயிரும் கசடை மாயமாக்குவதில்லை, இன்னும் பொடியாக்கித் தருகிறது. பொடியை எடுத்துப்போவது நீரோட்டமும் வடிகட்டியும்தான்.

தீவுப்பக்கத்திலிருந்து ஒரு நல்ல உயிர்ப்பாறை (உயிர்கள் ஒட்டி வாழும் பவளப்பாறைத் துண்டு) கொண்டுவந்தால் தொட்டி சீக்கிரம் நிலைக்கு வராதா?

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளத்தை உயிரோடு எடுத்தாலும் செத்த துண்டாக எடுத்தாலும் குற்றம். கரையில் ஒதுங்கியதுதானே என்ற வாதமும் நிற்காது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறை வெட்டிய காலத்தில் என்ன ஆனது என்று பாருங்கள்: அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன.

கடையில் கிடைக்கும் செராமிக் பாறையோ உலர்பாறையோ போதும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் பெருகி, தொட்டி நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், ஆகட்டும். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் பவளக்கல்லைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய கல் தண்ணீரின் பி.எச். அளவை ஏற்றிவிடும். எங்கிருந்து வந்த பவளம் என்று வனத்துறைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருப்பவர்களுக்கும் அது உதவாது.

உப்பு வாங்கிக் கரைக்காமல் கடல் தண்ணீரையே பயன்படுத்தலாமா? கசடு கூடுமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம், இந்த ஊரில் இருப்பதன் பெரிய லாபமே அதுதான். ஆனால் எந்தக் கடல், எந்தக் காற்று என்று பார்த்து எடுக்கவேண்டும். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஆழம் குறைவு, அடியில் சேறு. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே எடுக்கும் தண்ணீரில் மிதக்கும் மண்ணே பாறைக்கு அடியில் போய்ப் படியும். அப்போது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், பொதுவாகத் தெளிந்திருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் இது தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வடகடலில் உப்பு ஆயிரத்துக்கு 30க்கும் கீழே இறங்குவதுண்டு. தொட்டிக்கு 33 முதல் 35 வேண்டும். அளக்காமல் ஊற்றாதீர்கள்.

கடல் பச்சையாக, கொழகொழவென்று தெரிந்தால் கேனோடு திரும்பிவிடுங்கள். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது அது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரி பெருகுவதால் வருகிறது. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் தென்கடல் அப்படி மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த நுண்ணுயிரியின் உடலிலேயே அம்மோனியா இருக்கிறது. அது செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. படகுத்துறையை ஒட்டியும் எடுக்கவேண்டாம், டீசல் படலம் வரும்.

கொண்டுவந்த தண்ணீரை மூடிய டிரம்மில், வெளிச்சம் படாமல் ஒரு வாரம் விட்டால் மண் கீழே இறங்கிவிடும். மேல்தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுங்கள். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் காற்றூட்டி, மிச்சக் குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் நீக்குவார்கள். வீட்டிலும் செய்யலாம், குளோரின் சோதனைக் கருவியில் பூஜ்யம் காட்டிய பிறகு மட்டும். ஆவியாகிக் குறையும் அளவை ஈடுகட்டக் கடல் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். நம் பக்கத்து உவர்க்கிணற்றுத் தண்ணீரும் ஆகாது.

சந்தையில் வாங்கும் சூடையும் நெத்திலியும் நறுக்கிப் போடுகிறேன். பரவாயில்லையா?

எண்ணெய் மீன் வேண்டாம். மேலே படலம், கீழே கசடு. இறால் அல்லது மட்டிச் சதையை மீனின் கண் அளவுக்கு நறுக்கி, அலசி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்கள் குருணைத் தீனிக்குப் பழகியவை, அவற்றால் அழுக்கும் குறைவு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் பெயர் பெற்றது. கடலில் பிடித்த மீனைவிட அப்படிப்பட்ட குஞ்சுகளைத் தேடி வாங்குவது எல்லா வகையிலும் மேல்.

கரண்ட் போனால் கசடால் ஆபத்து கூடுமா?

கூடும். கசடில் உள்ள பாக்டீரியாவும் மீனும் ஒரே ஆக்சிஜனைத்தான் பங்குபோடுகின்றன. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 6.2 ஆகக் குறையும். சித்திரை வெயிலில் மின்விசிறியும் ஓடாத அறையில் நிலைமை இன்னும் மோசம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும், புயல் எச்சரிக்கை வந்தால் அன்று தீனி போடாதீர்கள். கரண்ட் வந்த உடனே பாறையைக் கிளறும் வேலையும் வேண்டாம்.

கசடைத் தின்னும் பாக்டீரியா என்று புட்டியில் விற்கிறார்களே?

புதுத் தொட்டியை நிலைக்குக் கொண்டுவரச் சிலவகை உதவும். நீரோட்டம் இல்லாத மூலைக்கு எந்தப் புட்டியும் உதவாது. அந்தக் காசில் ஒரு குட்டி மோட்டார் வாங்கலாம்.

உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரைக் கடலிலேயே திருப்பி ஊற்றிவிடலாமா?

கூடாது. உங்கள் தொட்டியில் வேறு கடலிலிருந்து வந்த பாசி, நத்தை முட்டை, நோய்க்கிருமி எதுவும் இருக்கலாம். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவில் பவளத்தின்மேல் படர்ந்து மூடியது 2008இலேயே பதிவாகியிருக்கிறது. இன்றும் அதைப் பிடுங்கி எடுக்கும் வேலை தீர்ந்தபாடில்லை. தென்னங்கன்று, முருங்கை இருக்கும் பக்கமும் ஊற்றாதீர்கள், உப்பு வேரைக் கருக்கிவிடும். கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள். அதிகமாக இருந்தால் வாளியில் பிளீச்சிங் பவுடர் ஒரு கரண்டி போட்டு ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். பழைய மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, குப்பையில் போடுங்கள்.